ஸ்பிண்டில்னா சுழலச்சு இல்லீங்க, கதிர்

நகரி பக்கம் ஒரு தம்பி, பவர்லூம் வீட்டுப் புள்ள, 3018 சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்றபடி மரம், அக்ரிலிக் செதுக்கற சின்ன மேசை மெஷின்) ஒன்னு வாங்கி கூடவே நாலாவது அச்சுக்கு ரோட்டரியும் வாங்கிட்டான். ராத்திரி பத்து மணிக்கு போன். "அண்ணா, தமிழ்ல ஒரு செட்டிங் குறிப்பு கெடச்சுது, ஒரு எடத்துல சுழலச்சு மேசைக்கு நேர்குத்தா நிக்கணும்னு இருக்குது, நாலு வரி தாண்டி சுழலச்சு எக்ஸ் அச்சுக்கு இணையா படுக்கணும்னு இருக்குது, நிக்கணுமா படுக்கணுமா?" மொதல்ல சிரிப்பு, அப்புறம் கோவம். மொதல் சுழலச்சு வெட்டற டூலப் புடிச்சி சுத்தற ஸ்பிண்டில், ரெண்டாவது சுழலச்சு செதுக்கற பொருளத் திருப்பற ரோட்டரி ஆக்சிஸ். எழுதுன புண்ணியவானுக்கு ரெண்டும் ஒன்னு.

ஸ்பிண்டில்ங்கறது நூல் நூக்கறத சொல்ற பழைய இங்கிலீஷ் வினைல இருந்து வந்தது, நூல் சுத்தற குச்சின்னு அர்த்தம், அங்கிருந்துதான் லேத்துக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் போச்சு. அவ்ளோதான் கதை. அந்தக் குச்சிக்கு நம்மகிட்ட பேரு இல்லையா? ராட்டைல இருக்கறது கதிர். நன்னூல் பாயிரத்துலயே நூல் எழுதறத பஞ்சுல நூல் நூக்கறதோட ஒப்பிட்டு "கதிரே மதியாக"ன்னு வருது, புலவனோட புத்திதான் கதிராம். தெலுங்குல கதுரு, மலையாளத்துல கதிர், கன்னடத்துலயும் இதே சொல்லுதான். 1960ல திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தப்போ கோடுதான் நகந்துச்சு, பொதட்டூர்பேட்டைல கதிர்னு சொன்னவங்களும் நகரில கதுருன்னு சொன்னவங்களும் அப்படியேதான் சொல்லிட்டிருந்தாங்க.

எங்க ஆயா தறி நாடாவுக்குள்ள வைக்கற தார்ல நூல் சுத்தறப்ப பாத்திருக்கேன். கதிர் ஒரு நூலளவு கோணினாலும் தார் ஒரு பக்கம் பருத்துக்கும், நூல் அறுந்துட்டே இருக்கும். கதிர கழட்டி தரைல உருட்டிப் பாப்பாங்க, தூக்குற எடத்துல விரல வச்சிக்கிட்டு சுத்தியால ரெண்டு தட்டு, மறுபடி உருட்டு. இன்னிக்கு நாம டயல் கேஜ்னு ஒரு அளவு முள்ளு வச்சு ரன்அவுட், அதாவது சுத்தறப்ப வர்ற ஆட்டம், பாக்கறோமே, அதே வேலைதான். 3018ல வர்ற 775ங்கற சின்ன மோட்டார் தண்டுல, டூலப் புடிக்கற இஆர்-11 நீட்டிப்ப ரெண்டு சின்ன ஸ்க்ரூ போட்டு மாட்டறாங்க, ஆட்டம் முக்கால்வாசி அங்கதான் வருது. ஆயா கைல குடுத்திருந்தா ஒரு உருட்டுல சொல்லியிருப்பாங்க.

இப்போ இந்த அச்சு விவகாரத்துக்கு வர்றேன். சிஎன்சில அச்சுன்னா எக்ஸ், ஒய், இசட். வண்டில அச்சு, அச்சகத்துல அச்சு, வெல்லத்துக்கு அச்சு, முப்பரிமாண அச்சு வேற. எங்க ஊர் தறில பாவு நூல் பூந்து வர்ற சீப்பு மாதிரி இருக்கறதுக்கும் அச்சுன்னுதான் பேரு. ஏற்கெனவே இவ்ளோ பாரம் சொமக்கற சொல்லுல "சுழல்"னு ஒன்ன ஒட்டி ஸ்பிண்டிலயும் ஏத்துனா எப்படிங்க, ரோட்டரி ஆக்சிஸ்தான் நெஜமான சுழல் அச்சு, அது பேர புடுங்கி இதுக்கு வச்சிட்டா அதுக்கு என்ன பேரு வைப்பீங்க? சில பேரு சுழல்தண்டுங்கறாங்க. சுத்தாத தண்டு எந்த மெஷின்ல இருக்குது? மோட்டார் தண்டும் சுத்துது, லீட் ஸ்க்ரூவும் சுத்துது. டூலைப் புடிச்சிக்கிட்டு, பேரிங்ல நின்னு, பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்கிட்டு சுத்தறதுதான் ஸ்பிண்டில்.

கதிர்னா வெளிச்சக் கதிரும் ஆச்சே, நெல்லுக் கதிரும் ஆச்சேன்னு கேப்பாங்க. நெல்ல யாரும் டூல இறுக்கிப் புடிக்கற கொலெட்டுல மாட்டப் போறதில்ல. ஆனா லேசர் விஷயத்துல கேள்வி நியாயம்தான், இதே 3018ல ஸ்பிண்டில கழட்டிட்டு லேசர் மாட்டறோம், அங்க லேசர் கதிர்னு எழுதுனா கொழப்பம் வரும். நான் அங்க லேசர் ஒளின்னு எழுதிக்கறேன். ஒர்க்‌ஷாப்புல ஸ்பிண்டில்னே சொல்லுங்க, நானும் அப்படித்தான் சொல்றேன், எனக்கு சண்டை இல்ல. தமிழ்ல போடறேன்னு கெளம்பிட்டா மட்டும் வீட்டுல இருக்கற சொல்ல ஒரு தடவ கேட்டுட்டுப் போடுங்க.

இவங்க கேக்க மாட்டாங்க. அதே குறிப்புல மரம் செதுக்கற ரூட்டர் "திசைவி" ஆயிருக்குது, அது நெட் வர்ற பொட்டிங்க! ரன்அவுட்டுக்கு "தீர்ந்துபோதல்". சொல்லுக்கு இவ்ளோ மெனக்கெட்டவரு ஸ்பிண்டில் வேகத்த மாத்தற விஎஃப்டி பொட்டி பத்தி எழுதறப்போ "அடிப்படை அதிர்வெண்ணை அமைக்கவும்"னு அழகா எழுதிட்டு எண்ணை விட்டுட்டாரு. 24,000 ஆர்பிஎம் ஓடற ரெண்டு போல் ஸ்பிண்டிலுக்கு 400 ஹெர்ட்ஸ் வைக்கணும். சாதா மோட்டாருக்குன்னு 50லயே இருந்துச்சுன்னா அந்த 50லயே முழு வோல்டேஜும் ஏறி காயில் கருகிப் போயிடும். தூய தமிழ் படிச்சும் மோட்டார் புகையும்.

தம்பி அதோட விடல, 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு போடட்டுமாண்ணான்னான். 80 மிமீ ஒடம்பு, உன் மெஷினோட சட்டம் தாங்காதுடா, மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 300லருந்து 500 வாட்குள்ள ஏர் கூல்டு போதும், இஆர்-11 கொலெட்ட மாட்டறதுக்கு முன்னாடி தூள் இல்லாம தொடை, டயல் கேஜ ஸ்பிண்டில்ல கட்டி மேசை மேல வட்டமா சுத்தி நாலு பக்கமும் ஒரே அளவு வருதான்னு பாருன்னேன். கடைசியா, "கதிர நிக்க வை, ரோட்டரிய படுக்க வை."

"கதிரா? ராட்டைல இருக்குமே, கதுரு, அதுவா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்னண்ணா"ன்னுட்டு வச்சிட்டான்.