முகராசி என்னும் எண்ணிக்கை

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அந்த ரியாலிட்டி ஷோ தினமும் ஓடும். நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. குறுக்கும் நெடுக்கும் போகும்போது கண்ணில் படும், அவ்வளவுதான். ஆனால் ஒரு போட்டியாளர் வெளியேறிய அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவரிடம் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முகராசி என்கிறார் என் அக்கா. அறிவியல் என்ன சொல்கிறது?"

அக்கா சொன்னதில் பாதி சரி. முகம் உண்டு. ராசி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எண்ணிக்கை உட்கார்ந்திருக்கிறது.

நிகழ்ச்சியின் செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஜான் டி மோல் 'பிக் பிரதர்' வீட்டைத் திறந்துவைத்ததிலிருந்து அது பெரிதாக மாறவில்லை. முன்பின் தெரியாதவர்களை ஒரே கூரைக்குக் கீழ் அடைப்பது, சுற்றிலும் கேமரா, அவ்வப்போது ஒருவர் வெளியே, மிச்சத்தை மக்கள் ஓட்டு பார்த்துக்கொள்ளும். சரி, இதில் உள்ளே இருப்பவர்கள் ஏன் பிரபலம் ஆகிறார்கள்? பாடத் தெரியாது, நடிக்கத் தெரியாது, ஓடத் தெரியாது. வீட்டில் இருக்கிறார்கள், அவ்வளவே.

இதற்கான விடையை 1968-லேயே ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் எடுத்துவைத்துவிட்டார். (அவர் பெயர் காதில் ஏறக்குறைய 'சயின்ஸ்' என்றே விழும். பொருத்தம்தான்.) அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்துகள் போன்ற கிறுக்கல்கள், அந்நியர்களின் புகைப்படங்கள் ஆகியவற்றை அவர் மாணவர்களிடம் காட்டினார். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை 5, 10, 25 முறை. அடிக்கடி பார்த்த சொல்லுக்கு நல்ல அர்த்தம்தான் இருக்கும் என்று மாணவர்கள் ஊகித்தார்கள். அடிக்கடி பார்த்த முகத்தை அதிகம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். பரிசு இல்லை, பேச்சு இல்லை, வெறுமனே பார்த்ததுதான்.

'பழகினால் பிடிக்கும், இதில் என்ன அதிசயம்' என்று தோன்றலாம். 1980-ல் அவரும் வில்லியம் குன்ஸ்ட்-வில்சனும் செய்த சோதனையைக் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று இது. ஒழுங்கற்ற எட்டுமூலை வடிவங்களை ஒவ்வொன்றும் ஒரே ஒரு மில்லி நொடி திரையில் மின்னவிட்டார்கள். கண் இமைக்கும் நேரத்தில் அப்படி நூறு மில்லி நொடி அடங்கிவிடும். பார்த்தவர்களுக்கு ஏதோ வெளிச்சம் வந்துபோனதுபோல் இருந்திருக்கும். அப்புறம் பழைய வடிவம் ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை முன்பே பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது 48 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப்போட்டாலும் இதே அளவுதான் கிடைக்கும். ஆனால் எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, 60 சதவீதம் பழைய வடிவத்துக்கே போனது.

அதாவது, பார்த்ததே தெரியாது, ஆனால் பிடித்துவிட்டது!

இதற்கு அதிகம் சொல்லப்படும் விளக்கம் இது. புதிய வடிவத்தைப் படித்தெடுக்க மூளைக்கு வேலை அதிகம். இரண்டாம், மூன்றாம் தடவை அந்த வேலை வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சுலபம் ஒரு மெல்லிய இதமாக உணரப்படுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாததால், எதிரில் இருக்கும் பொருளின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். ஸாயன்ஸின் சொந்த விளக்கம் இன்னும் பழைய காலத்துக்குப் போகும்: திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டும் நம்மைக் கடிக்காத ஒன்று ஆபத்தில்லாதது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. இது மனிதருக்கு மட்டும் உரியதும் அல்ல. முட்டைக்குள் இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஒலியைக் கேட்ட கோழிக்குஞ்சுகள், பொரிந்த பிறகும் அந்த ஒலியையே நாடியிருக்கின்றன.

முகங்களுக்கும் இது பொருந்துமா? 1992-ல் ரிச்சர்ட் மோர்லாண்டும் ஸ்காட் பீச்சும் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லாத நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் ஒரு கல்லூரி வகுப்புக்குப் போகவே இல்லை. மற்றவர்கள் 5, 10, 15 நாட்கள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். யாரிடமும் பேசக்கூடாது என்பது நிபந்தனை. பருவ முடிவில் வகுப்பு மாணவர்களிடம் நால்வரின் படங்களையும் காட்டினார்கள். 'பார்த்த முகமாக இருக்கிறதே' என்ற உணர்வு பலவீனமாகத்தான் இருந்தது. ஆனால் அதிக நாள் வந்தவர்தான் அதிகக் கவர்ச்சியாகத் தெரிந்தார். நம் வாசகியும் அந்த வகுப்பில்தான் இருந்திருக்கிறார், கூடத்தைக் கடந்து போகும்போதெல்லாம்.

இன்னொன்று. 1989-ல் ராபர்ட் போர்ன்ஸ்டைன் இருநூறுக்கும் மேற்பட்ட இத்தகைய சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். குறுகிய நேரம் காட்டப்பட்டவற்றில்தான் விளைவு பலமாக இருந்தது. அளவுக்கு மீறிக் காட்டினால் சலிப்பு வந்தது. ரியாலிட்டி ஷோவின் படத்தொகுப்பை இப்போது நினைத்துப் பாருங்கள். மூன்று நொடி ஒரு முகம், இரண்டு நொடி இன்னொரு முகம், விளம்பர இடைவேளைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, அடுத்த நாள் முன்னோட்டத்தில் ஒரு தடவை. ஆய்வகத்தில் வேண்டுமென்றே அமைத்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது.

அப்படியானால் வில்லன்? அவரையும்தானே தினமும் காட்டுகிறார்கள்? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கெட்டவராக அறிமுகமான முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் வெறுப்புதான் முற்றும். ஆகவே முதல் சாயத்தைப் பூசும் எடிட்டர் கையில்தான் எல்லாம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு தட்டு சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினாராம்; பார்த்தவர்கள் ஒரே முகத்தில் பசியையும் சோகத்தையும் ஆசையையும் கண்டார்களாம். அந்தப் படச்சுருள் இன்று இல்லை, கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் சூழலுக்கேற்ப ஒரே முகத்தை வேறுவேறாகப் படிக்கிறோம் என்பதை 2006-ல் மூளை ஸ்கேனோடு நடந்த ஒரு சோதனையும் காட்டியது. ஒருவர் அழுகிறார், வெட்டி, இன்னொருவர் கொட்டாவி விடுவதை ஒட்டுகிறோம். வில்லன் தயார். அந்தக் கொட்டாவி முந்தைய நாள் வந்ததாகவும் இருக்கலாம்.

ஓட்டில் ஜெயிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2006-ல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 14,341 பேரிடம் அறியப்படாத 48 பாடல்களைக் கொடுத்தார்கள். சிலர் தனியாகக் கேட்டார்கள். மற்றவர்கள் எட்டு 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, தம் உலகத்தார் எதை அதிகம் பதிவிறக்கினார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். தனியாகக் கேட்டவர்களிடம் 26-வது இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40-வது இடம். மிக மோசமானவை அபூர்வமாகவே மேலே வந்தன, மிகச் சிறந்தவை அபூர்வமாகவே கீழே போயின. நடுவில் இருந்தவை எங்கு வேண்டுமானாலும் போயின. வெற்றியாளரின் பெயரில் எழுத்துக்கூட்டி எண் பலன் சொல்பவர்கள், அதே பெயர் இன்னோர் உலகத்தில் 40-வதாக வந்திருந்தால் என்ன சொல்வார்கள் என்று அறிய ஆசை.

இத்தகைய நிகழ்ச்சிகளால் சமூகத்துக்குக் கெடுதல் மட்டும்தானா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய '16 அண்ட் பிரெக்னண்ட்' என்ற ரியாலிட்டி ஷோ பதின்வயதுத் தாய்களின் தூக்கமற்ற நாட்களை அப்படியே காட்டியது. அடுத்த ஒன்றரை ஆண்டில் பதின்வயதுப் பிரசவங்கள் 4.3 சதவீதம் குறைந்ததற்கு அந்த நிகழ்ச்சி காரணம் என்று மெலிசா கியர்னியும் பிலிப் லெவினும் கணக்கிட்டார்கள். வேறு பொருளியலாளர்கள் அந்தக் கணக்கின் முறையையே கேள்வி கேட்டிருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை. முடிக்க வேண்டுமானால் பணம் வேண்டும், 'டிவி பார்ப்பதை ஆராயப் பணமா' என்ற நக்கலையும் தாங்க வேண்டும். 1975-ல் காதலைப் பற்றிய ஆய்வுக்கு 84,000 டாலர் கொடுத்ததற்காக, செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மைர் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு வீண்செலவு 'விருது' கொடுத்துக் கேலி செய்தார். நாள்தோறும் கோடிக்கணக்கானோர் செய்யும் ஒரு காரியத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தொகை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசகியின் தொண்டை அடைத்ததற்கும் ஆய்வு இருக்கிறது. திரையில் மட்டும் தெரிந்தவரிடம் உருவாகும் இந்த ஒருவழி உறவை டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-லேயே விவரித்தார்கள். பிடித்த தொடர் முடியும்போது வரும் துக்கம், நிஜப் பிரிவின் துக்கத்தைப் போன்றதுதான், அளவில் கம்மி என்று பின்னால் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. இன்னும் சில மாதத்தில் அந்தப் போட்டியாளரின் பெயரை அவர் மறந்தும் போகலாம். அப்புறம் ஒருநாள் ஏதோ ஒரு விளம்பரத்தில் அதே முகம் வரும். யார் என்று நினைவுக்கு வராது. அந்தச் சோப்பு மட்டும் ஏனோ நல்ல சோப்பாகத் தோன்றும்.