விரல் நீட்டினால் பிஞ்சு உதிருமா?

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகளில் பீர்க்கு விதைத்தார். கொடி பந்தலேறி, மஞ்சள் பூவாகப் பூத்துத் தள்ளியது. அத்தனையும் உதிர்ந்தன. பிறகு விரல் நீளத்தில் பிஞ்சுகள் தலைகாட்டின. அவையும் மஞ்சளாகிச் சுருங்கி விழுகின்றன. பக்கத்து வீட்டுப் பெண் விரலை நீட்டிக் காட்டியதுதான் காரணம் என்கிறாராம் மாமியார். பந்தலில் ஒரு திருஷ்டிப் பூசணியைக் கட்டிவிடலாமா என்பது கேள்வி.

திருஷ்டிக்குக் கட்டும் வெண்பூசணியும் பீர்க்கு, வெள்ளரி, சுரை, பாகல், புடல் எல்லாம் அடங்கிய அதே குடும்பத்துப் பிள்ளைதான். ஊரார் கண்ணையெல்லாம் வாசலில் தொங்கியபடி வாங்கிக்கொள்ளும் பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகாதாம். பந்தலில் இருக்கும் தங்கை மகள் மட்டும் ஒரு விரலுக்கே வாடிவிடுவாளாம்!

முதலில் விழுந்தவை ஆண் பூக்கள். ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி என்பது பள்ளிப் பாடம். ஆண் பூதான் முதலில் வரும். எண்ணிக்கையிலும் அதுவே பல மடங்கு அதிகம். மகரந்தம் கொடுத்ததும் அதன் வேலை முடிந்தது, விழுந்துவிடும். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

அடுத்து விழுந்தவை பிஞ்சுகளே அல்ல. இந்தக் குடும்பத்தில் சூற்பை பூவுக்குள் ஒளிந்திருப்பதில்லை. பூவுக்குக் கீழே, வெளியே, குட்டிக் காயின் வடிவத்திலேயே இருக்கும். மகரந்தம் வந்து சேராவிட்டால் செடி அதைக் கழற்றிவிடும். தக்காளியிலும் கத்தரியிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே உதிர்வது 'பூ' என்று தோன்றுவதால் யாரும் கவலைப்படுவதில்லை. இங்கே உதிர்வது 'காய்' போல இருப்பதால் மனம் பதறுகிறது, பதறிய மனம் குற்றவாளியைத் தேடுகிறது. விரல் நீட்டிய கதை பெரும்பாலும் பூசணி, சுரை, பீர்க்கோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்த வெளியே தெரியும் சூற்பைதான் காரணம் என்பது என் ஊகம்.

சரி, எந்த மொட்டு ஆணாவது, எது பெண்ணாவது என்று யார் முடிவுசெய்கிறார்கள்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வெள்ளரியை எடுத்துக்கொள்வோம். மொட்டு மிகச் சிறியதாக இருக்கும்போது அதில் மகரந்தத் தாளுக்கும் சூலகத்துக்குமான முளைகள் இரண்டுமே இருக்கின்றன. கொஞ்ச நாளில் ஒன்று வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. எது நிற்க வேண்டும் என்று சொல்வது ஒரு வாயு: எத்திலீன். ஆம், வாழைத்தாரை மூட்டம் போட்டுப் புகை காட்டும்போது காயைப் பழமாக்குகிறதே, அதே வாயு. வெள்ளரி மொட்டில் எத்திலீன் மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். (தர்பூசணியில் கதை தலைகீழ், உயிரியலில் விதிகளைவிட விலக்குகளுக்குத்தான் செல்வாக்கு.)

இந்த வாயுவின் மகிமை தெரியவந்த விதமும் சுவையானது. 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவரின் பட்டாணி நாற்றுகள் ஆய்வுக்கூடத்துக்குள் குட்டையாகத் தடித்து, பக்கவாட்டில் வளைந்து வளர்ந்தன. வெளிக்காற்றில் வைத்தால் நேராக நின்றன. உள்ளே எரிந்த விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன்தான் வேலையைக் காட்டியது என்று அவர் கண்டுபிடித்தார். கோணலாக வளரும் பட்டாணிக்கு நிதி கேட்டு இன்று ஒருவர் விண்ணப்பித்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். பாகலில் 'எம்.டி.யூ. 1' ரகம் நம் மதுரை வேளாண்மைக் கல்லூரியில், விதையில் காமாக் கதிரைப் பாய்ச்சி உருவாக்கப்பட்டது. அதுபோன்ற பொறுமையான வேலைக்குப் பணம் ஒதுக்க யோசிக்கும் நாம், திருஷ்டிக் கயிற்றுக்கு யோசிப்பதில்லை.

இனி ஒரு புதிர். பசுமைக்குடில்களில் பெண் பூ மட்டுமே பூத்து, மகரந்தம் இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகங்களை வளர்க்கிறார்கள். பூவெல்லாம் காய், அதனால் விளைச்சல் அதிகம். ஆனால் ஆண் பூவே இல்லாத வம்சத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது எப்படி?

வெள்ளியைத் தெளித்துத்தான்! வெள்ளி நைட்ரேட்டை நீரில் மிகக் கொஞ்சமாகக் கரைத்து இளஞ்செடியின் மேல் தெளித்தால், பெண்ணாகவே பூத்திருக்க வேண்டிய கொடி ஆண் பூ பூக்கிறது. செடியின் செல்களில் எத்திலீனை உணரும் புரதங்கள் உண்டு. அவற்றை விடிய விடியக் குரல் கொடுக்கும் இரவுக் காவலர்களாக நினைத்துக்கொள்ளுங்கள்: "எத்திலீன் வரவில்லை, எத்திலீன் வரவில்லை." ஒவ்வொருவர் கையிலும் ஒரு செம்பு அணு இருக்கிறது. எத்திலீன் வந்து அந்தச் செம்பைப் பற்றியதும் காவலர் வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனம்தான் செய்தி. மௌனம் பரவினால் மொட்டு பெண்ணாகிறது. வெள்ளி அணு செம்பின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், எத்திலீன் வந்து பற்றினாலும் காவலர் நிறுத்துவதில்லை, கத்திக்கொண்டே இருக்கிறார். வாயு ஏராளமாக இருந்தும் செடிக்கு அது தெரியாது. ஆண் பூவை விரிக்கிறது. அந்த மகரந்தத்தைக் கொண்டே பெண் பூவைச் சூல்கொள்ளச் செய்தால், தந்தையும் தாயும் மரபில் பெண் கொடிகளே. பிறக்கும் விதையெல்லாம் மறுபடி பெண் பூக் கொடிகள்.

வீட்டுத் தோட்டத்துக்கு வெள்ளியெல்லாம் வேண்டாம். வெயிலும் தழைச்சத்தும் மிஞ்சினால் ஆண் பக்கம் சாயும், இதமான இரவுகள் பெண் பக்கம் சாய்க்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். பகலின் நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் மதுரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே இங்கே பெரிதாக விளையாடுவது வெப்பந்தான். ஆடியில் விதைத்த கொடி, சித்திரை வெயிலில் பூக்கும் கொடியைவிடத் தாராளமாகக் காய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். யூரியா விஷயத்தில் என் அனுபவமே போதும்: அள்ளிப் போட்ட வருடம் என் சுரைக்கொடி மாடிச் சுவர் முழுக்க ஏறி, தண்ணீர்த் தொட்டியையும் மூடியது. காய் இரண்டு.

வாசகியின் கொடிக்கு இப்போது தேவை ஒரு தூதன். இந்தப் பூக்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. மூன்றாவது மாடிக்குத் தேனீ வராவிட்டால் நாம்தான் தேனீ. வெள்ளரி, பூசணி, பாகல் காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் மாலையில். புடல் இன்னும் இருட்டியபின். ஆகவே பீர்க்குக்குக் காலையில் ஏறிப் பயனில்லை. மாலையில் அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தடவுங்கள்.

மாமியாரின் சந்தேகத்தையும் கூடவே சோதித்துவிடலாம். மறுநாள் மலரப்போகும் பெண் மொட்டுகள் பத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்துக்கு மகரந்தம் தடவிவிட்டு நூல் கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து, ஒவ்வொன்றையும் விரல் நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். மற்ற ஐந்தை மலர்வதற்கு முன்பே மெல்லிய துணிப்பையால் மூடி, யார் கண்ணும் படாமல், வண்டும் நுழையாமல் கட்டிவையுங்கள். ஒரு வாரம் கழித்து எந்த ஐந்து உதிர்ந்தது என்று எழுதுங்கள். மாமியார் என்ன சொன்னார் என்பதையும்.