பன்றிச் சூலகத்தின் பன்னிரண்டாம் நாள்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. அப்படியிருக்க, அதற்குச் சூலகம் மட்டும் செவிசாய்ப்பது எப்படி?" ஏற்பி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். செல்லில் உள்ள அந்தப் புரதத்தோடு பொருந்தினால்தான் ஹார்மோனுக்கு வேலை. பூட்டும் சாவியும் என்று சொல்லிப் பள்ளிப் பாடம் அத்தோடு நின்றுவிடும். ஆனால் இந்தப் பூட்டைச் செய்வதும், மாட்டுவதும், வேண்டாதபோது கழற்றுவதும் செல்தான். பெண் பன்றியின் சூலகத்தில் இது அழகாகத் தெரியும்.

பன்றியின் சினைப்பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். ஃபாலிக்கிள் என்பது சூலகத்தில் முட்டையைச் சுமக்கும் சிறு பை. சிறிய ஃபாலிக்கிள்களில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் கிரானுலோசா செல்களில், ஃபாலிக்கிளை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கும். ஃபாலிக்கிள் பெருக்கப் பெருக்க அவை குறைந்து, முட்டையை வெளியிடத் தூண்டும் எல்.எச். ஹார்மோனுக்கான ஏற்பிகள் முளைக்கும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். பாயும்போது முதிர்ந்தவை வெடித்து முட்டைகளை விடுகின்றன. பக்கத்திலிருக்கும் சிறியவை அசைவதில்லை. வெடித்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பி உருவாகி, சினையைக் காக்கும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோனைச் சுரக்கும். இதுவரை தெரிந்த கதைதான்.

சினை பிடிக்காவிட்டால் இந்தக் கார்பஸ் லூட்டியம் அழிய வேண்டும். அப்போதுதான் அடுத்த சுழற்சி தொடங்கும். அழிக்கும் பொறுப்பு கருப்பை சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா என்ற பொருளுடையது. கருப்பையை நீக்கிவிட்டால் கார்பஸ் லூட்டியம் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். பசுவுக்குச் சுழற்சியின் முதல் வாரம் கழிந்ததும் இதையே ஊசியாகப் போட்டால் வேலை முடிந்துவிடும். பன்றியிடம் அது பலிக்காது. சுழற்சியின் ஏறக்குறைய 12ஆம் நாள் வரை ஓர் ஊசி போட்டால் கார்பஸ் லூட்டியம் துளியும் அசைந்து கொடுக்காது. ஏற்பி இல்லையோ என்றால், இருக்கிறது! ஏற்பி இருப்பது வேறு, அதன் வழியாக வந்த கட்டளையைச் செல் நிறைவேற்றுவது வேறு. 12ஆம் நாளை ஒட்டி ஏற்பிகளும் பெருகுகின்றன, சாவதற்கான உள் ஏற்பாடுகளும் தயாராகின்றன.

அதுவரை பிட்யூட்டரியின் தயவு பெரிதாகத் தேவைப்படாமல் இருந்த கார்பஸ் லூட்டியம், ஏறத்தாழ அதே சமயத்தில் எல்.எச். இல்லாமல் வாழ முடியாத நிலைக்கும் வருகிறது. ஆக, இரண்டு பக்கமும் ஆபத்து. சினை பிடித்திருந்தால், கரு தான் இருப்பதைத் தாய்க்குத் தெரிவிப்பது சரியாக இப்போதுதான். 11, 12ஆம் நாளில், சுமார் ஒரு சென்டிமீட்டர் உருண்டையாகக் கிடந்த கரு சில மணி நேரத்தில் நூலாக நீளத் தொடங்குகிறது. அடுத்த சில நாளில் ஒரு மீட்டரை எட்டக்கூடும். நீண்டுகொண்டே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துவதில்லை, போகும் திசையைத்தான் மாற்றுகிறது. ரத்தத்துக்குள் போக வேண்டியது கருப்பையின் உட்குழிக்குள் சுரந்து, அங்கேயே தங்கிவிடுகிறது. பேசர், தாட்சர் என்ற ஆய்வாளர்கள் 1977இல் முன்வைத்த விளக்கம் இது. கொல்ல வந்ததை எதிர்த்து நிற்காமல் வேறு தெருவுக்கு அனுப்பிவிடும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு அலுப்பதே இல்லை. போதாக்குறைக்கு, அதே ஈஸ்ட்ரோஜன் கார்பஸ் லூட்டியத்தில் எல்.எச். ஏற்பிகளையும் கூட்டுகிறது.

கருவே இல்லாத பன்றிக்கு 11 முதல் 15ஆம் நாள் வரை ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகையான ஈஸ்ட்ராடயாலை ஊசியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கார்பஸ் லூட்டியம் ஏமாந்துபோய் மாதக்கணக்கில் வேலை செய்கிறது. பன்றி பொய்ச்சினையில் இருக்கிறது. மெய்யான சினையிலோ, சுமார் 114 நாளும் கார்பஸ் லூட்டியம் இருந்தே ஆக வேண்டும். எந்தக் கட்டத்தில் சூலகங்களை அகற்றினாலும் கரு கலைந்துவிடும்.

பன்றிச் சூலகத்துக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. 1930களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் எட்வர்ட் டாய்சியின் குழு ஏறத்தாழ 4 டன் பன்றிச் சூலகங்களிலிருந்து சில மில்லிகிராம் ஈஸ்ட்ராடயாலைப் பிரித்தெடுத்தது. ஜெர்மன் வேதியியலாளர் பூட்டனாண்ட் 50,000 பன்றிகளின் சூலகங்களிலிருந்து பெற்ற புரோஜெஸ்ட்ரான் வெறும் 20 மில்லிகிராம். மனிதருக்கான பாலின ஹார்மோன் மருத்துவத்தின் பெரும்பகுதி இதன்மேல்தான் எழுந்தது. பன்றி என்றதும் முகம் சுளிப்பவர்களும் அந்த அறிவிலிருந்து வந்த ஹார்மோன் மாத்திரைகளை விழுங்கத்தான் செய்கிறார்கள்.

பசுக்களை ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவர உதவும் புரோஸ்டகிளாண்டின் ஊசி, சினைப்பருவச் சுழற்சியில் உள்ள பன்றிகளிடம் எடுபடாததற்கும் இந்தப் 12 நாள் பிடிவாதமே காரணம். அதனால் பண்ணைகளில் வேறு வழி பார்க்கிறார்கள்: புரோஜெஸ்ட்ரானைப் போல் செயல்படும் அல்ட்ரெனோஜெஸ்ட்டைத் தீவனத்தில் கலந்து தினமும் கொடுக்கிறார்கள். அது அடுத்த பருவத்தைத் தடுத்து வைத்திருக்கும் அந்த நாட்களுக்குள் கார்பஸ் லூட்டியங்கள் தம் ஆயுள் முடிந்து தாமாகவே அழிந்துவிடும். பிறகு மருந்தை நிறுத்தினால், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான பன்றிகள் ஒன்றாகப் பருவத்துக்கு வந்துவிடுகின்றன.