கட்டி இல்லாத நீர்க்கட்டி

“ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டு சினைப்பையிலும் நிறைய நீர்க்கட்டிகள் என்று போட்டிருக்கிறது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட முடியாதா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்கு இருப்பது பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற ஹார்மோன் கோளாறு என்றால், எடுப்பதற்கு அங்கே கட்டியே இல்லை.

சினைப்பையில் நிஜமாகவே கட்டி வருவதும் உண்டு, அது வேறு. பிசிஓஎஸ் ஸ்கேனில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைப் பைகள். வழக்கமாக மாதந்தோறும் இப்படிச் சில பைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று முந்தி, சுமார் 20 மில்லிமீட்டர் வரை பெருத்து, வெடித்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ்-இல் பெரும்பாலும் எதுவும் முந்துவதில்லை. எல்லாமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

ஏன் நிற்கின்றன? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புகிறது. அதைக் கேட்டு நடப்பது பிட்யூட்டரி சுரப்பி. 1970களில் எர்னஸ்ட் நோபில் என்ற ஆய்வாளரின் குழுவினர் குரங்குகளுக்கு அதை மணிக்கு ஒரு தடவை கொடுத்தபோது பிட்யூட்டரி சுரப்பி ஒழுங்காக வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினார்கள், பிட்யூட்டரி ஓய்ந்துபோனது! அளவைவிடத் தாளத்தைத்தான் அது கவனிக்கிறது. சினைப்பையை இயக்க பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது: துடிப்பு வேகமாக வந்தால் எல்ஹெச் அதிகம் சுரக்கும், மெதுவாக வந்தால் பைகளை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச்.

முட்டை வெளியேறியதும் வெடித்த பை புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து அந்தத் தாளத்தைத் தணிக்கும். முட்டையே வெளியேறாவிட்டால்? தணிக்க ஆளில்லை. துடிப்பு வேகமாகவே ஓடுகிறது. கூடுதலான எல்ஹெச், பையின் வெளிச்சுவர் செல்களை ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அதைப் பெண்தன்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்ற உள்சுவர் செல்களுக்குத் தேவையான எஃப்எஸ்ஹெச் போதவில்லை. மிஞ்சும் ஆண்ட்ரோஜனால் முகப்பரு, மீசை ரோமம் வருவதோடு, புரோஜெஸ்டிரோனின் பேச்சை மூளை கேட்பதும் குறைகிறது. இரத்தத்தில் இன்சுலின் கூடினால் அதுவும் வெளிச்சுவர் செல்களை உசுப்பிவிடும்.

1935இல் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களிடம் இதை விவரித்தபோது கண்ணில் பட்டது சினைப்பையின் தோற்றம். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயர் கெடுதலே செய்கிறது என்பது என் கருத்து. கட்டி என்றதும் பயப்படுகிறவர்கள், பின்னால் வரக்கூடிய சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விடுகிறார்கள். 2003 ராட்டர்டாம் மருத்துவ வரையறைப்படி, முட்டை ஒழுங்காக வெளியேறாமை, கூடுதல் ஆண்ட்ரோஜன், ஸ்கேனில் தெரியும் புள்ளிகள் என்ற மூன்று அடையாளங்களில் இரண்டு இருந்தால் போதும். ஸ்கேனில் இப்படிப் புள்ளிகள் நிறைந்து தெரியாமலும் பிசிஓஎஸ் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைப்பேற்றோடு நிறுத்தாமல், பெண்ணின் வாழ்நாள் முழுவதற்குமான உடல்நலமாகப் பார்த்து பிசிஓஎஸ் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, மருந்து? மாதவிடாய் பல மாதம் தள்ளிப்போனால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அதற்குப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை தருவார்கள். கர்ப்பம் வேண்டுவோருக்கு லெட்ரோசோல் என்ற மாத்திரை. அது சில நாட்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கிறது. குறைந்துவிட்டதே என்று மூளை எஃப்எஸ்ஹெச்சை ஏற்றிவிட, நின்றுபோன பைகளில் ஒன்று மறுபடி வளரத் தொடங்குகிறது.