கிளினிக்கல் ட்ரையல்: சோதிப்பது ஆளையா, மருந்தையா?

சென்னிமலைச் சின்னம்மாவின் கையில் ஒரு கத்தைத் தாள் இருந்தது. எல்லாம் தமிழில்தான். முதல் பக்கத்தில் ‘மருத்துவப் பரிசோதனையில் பங்கேற்க ஒப்புதல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னொரு டெஸ்டா கண்ணு? நேத்துத்தான ரத்தம் குடுத்தேன், ஸ்கேனும் எடுத்தாச்சு. இனி எதைப் பரிசோதிக்கறாங்களாமா?”

ஆறு வருடம் முன்பு மார்பில் புற்றுக்கட்டி வந்து, அறுவையும் மருந்தும் முடித்துத் தறிக்குத் திரும்பியவர் அவர். இப்போது ஸ்கேனில் நுரையீரலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கோவையில் ஒரு மருத்துவமனையில், “ஒரு ட்ரையல் நடக்குதும்மா, சேர்ந்துக்கறீங்களா?” என்று கேட்டு இந்தத் தாள்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். புதுச் சிகிச்சை பலன் தருகிறதா என்று நோயாளிகளிடமே பார்க்கும் ஏற்பாடு அது. எனக்குப் பிழைப்பே மொழிபெயர்ப்பு. படிவத்தை எழுதியவரும் என் தொழில்காரர்தான் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்தது. ‘பரிசோதனை’ என்ற சொல்லில்தான்.

நம் ஊரில் பரிசோதனை என்றால் ரத்தம், சளி, சிறுநீர், ஸ்கேன். அங்கே சோதிக்கப்படுவது நம் உடம்பு. ‘பரி’யை எடுத்துவிட்டுச் ‘சோதனை’ என்றால் இன்னும் மோசம். திருப்பூரில் சோதனை என்றால் வருமான வரிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று பொருள். கோயில் வாசலில் “என்ன சோதனை முருகா இது” என்றால் அது வேறு கணக்கு. சோதனை வடமொழிச் சொல்; ‘சோதனம்’ என்பதற்குத் தூய்மை செய்தல் என்று பொருள். மாசு நீக்கிப் பார்ப்பது என்ற அந்த நல்ல பொருள் தேய்ந்து, இன்று கஷ்டம் என்ற பொருள்தான் பேச்சில் முன்னால் நிற்கிறது. பற்றாததற்குச் ‘சோதனை எலி’ வேறு. நோயாளி காதில் இந்தச் சொல் எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, கிளினிக்கல் ட்ரையல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

கிளினிக்கல் என்பதன் வேர் கிரேக்கச் சொல்லான ‘கிளினே’. கட்டில், படுக்கை என்று அர்த்தம். படுக்கையில் கிடக்கும் நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிற வைத்தியரைத்தான் ‘கிளினிகோஸ்’ என்றார்கள். நம் தெருமுனைக் கிளினிக்கில் கட்டில் இருக்கிறதோ இல்லையோ, பெயரில் இருக்கிறது. ஆகக் கிளினிக்கல் என்றால் ஆய்வுக்கூடத்துக் குடுவையிலோ எலியிலோ அல்ல, ஆளிடமே பார்ப்பது.

ட்ரையல் இன்னும் சுவாரஸ்யம். ‘ட்ரையர்’ என்ற பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அதற்குச் சலிப்பது, பொறுக்கிப் பிரிப்பது என்று பொருள். விபத்துப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்களே, அந்த ‘ட்ரையேஜ்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். முதலில் அது ஆட்டு ரோமத்தைத் தரம் பிரிப்பதற்குச் சொன்ன சொல். கோர்ட்டில் நடக்கும் ட்ரையலும் மெய்யையும் பொய்யையும் பிரிப்பதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அம்முச்சியின், அதாவது அம்மாவின் அம்மாவின், முறம்தான் நினைவுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து ராகி புடைப்பார். இரண்டு தட்டுத் தட்டினால் உமி முன்னால் பறக்கும். அப்புறம் முறத்தைச் சற்றே சாய்த்து ஓர் ஆட்டு ஆட்டுவார். கல் ஒரு பக்கம், தானியம் ஒரு பக்கம் என்று ஒதுங்கிவிடும். எது கல், எது ராகி என்று முறத்துக்கு முன்கூட்டித் தெரியாது. ஆட்டத்தில்தான் பிரியும். ட்ரையல் என்பது அந்த முறம்.

இதற்கு நேர்ச்சொல் தமிழில் இருக்கிறது, அதுவும் நம் சமையலறையிலேயே. கீரை வாங்கி வந்தால் என்ன செய்கிறோம்? ஆய்கிறோம். பழுத்த இலை, பூச்சி அரித்தது, கூட வந்த புல் எல்லாவற்றையும் தள்ளி நல்லதை எடுக்கிறோம். ஆய்தல் என்றால் தேர்ந்தெடுத்தல். ‘ஆய்வு’ என்ற சொல் பல்கலைக்கழகத்துக்குப் போய் வேட்டி கட்டிக்கொண்டதால் அதன் கீரைக்கட்டு வாசம் நமக்கு மறந்துவிட்டது. வேர்ப்பொருளில் ட்ரையலுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. பரிசோதனை என்றால் ஆளைச் சோதிப்பது, ஆய்வு என்றால் மருந்தை ஆய்வது. சின்னம்மாவின் கேள்விக்குப் பதில் இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் இருக்கிறது.

எந்த ஆய்வு? ‘மருத்துவ ஆய்வு’ என்பது ரொம்ப அகலம். எலிக்கு ஊசி போடுவதும் அதில் அடங்கும். ‘மருந்தாய்வு’ அழகான சொல். ஆனால் கதிர்வீச்சையும் அறுவையையும்கூட இப்படி ஆய்கிறார்கள், அங்கே மருந்தே இல்லை. அதனால் என் ஓட்டு ‘சிகிச்சை ஆய்வு’க்கு. சிகிச்சை வடமொழி என்று முகம் சுளிப்பவர்கள் ‘பண்டுவ ஆய்வு’ எனலாம். மாட்டுக்குப் பண்டுவம் பார்க்கிற பேச்சு இருக்கிற மண்ணில் அது அந்நியமாகப் படாது. ஆனாலும் படிவத்தில் எழுதினால் சின்னம்மா மாட்டு வைத்தியமா என்று கேட்டாலும் கேட்பார்.

‘வெள்ளோட்டம்’ என்று சொல்லலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்க்கிறோமே, அது. அருமையான சொல்தான், ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும். சிகிச்சை ஆய்வு படிப்படியாக நடப்பது. முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்து, எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பார்கள். அது வெள்ளோட்டம்தான், அச்சு முறிகிறதா, சக்கரம் இழுக்கிறதா என்கிற கவலை. இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவதுதான் பெரிய கட்டம். நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து, இப்போது வழக்கத்தில் உள்ள சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவார்கள். அங்கே ஓடுவது இரண்டு தேர், எது நல்ல தேர் என்பதுதான் கேள்வி. அதற்கு வெள்ளோட்டம் போதாது, முறம் வேண்டும்.

சின்னம்மாவின் படிவம் மூன்றாம் கட்டத்தது. அதில் ‘சீரற்றமயமாக்கல்’ என்று ஒரு சொல். நானே இரண்டு தடவை படித்தேன். யாருக்குப் பழைய சிகிச்சை, யாருக்குப் புதியது என்பதை மருத்துவர் முடிவு செய்யாமல் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுவதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். ‘குலுக்கல்’ என்றால் தீர்ந்தது. ஆனால் சின்னம்மாவுக்குக் குலுக்கல் என்றதும் ஏலச்சீட்டு ஞாபகம். “யாருக்கு விழுதோ அவிங்களுக்கு மருந்தா?” என்றார். இல்லை. சீட்டில் விழுந்தவருக்குப் பணம் என்று முன்னாலேயே தெரியும். இங்கே எந்தப் பக்கம் விழுந்தால் லாபம் என்பது மருத்துவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை.

அப்புறம் பூப்போட்டுப் பார்ப்பதைச் சொன்னேன். கிணறு வெட்டவும் கல்யாணம் பேசவும் வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். எதில் எது என்று எடுக்கிற குழந்தைக்கும் தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது. சிகிச்சை ஆய்விலும் பல சமயம் அப்படித்தான். நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இதை ‘இரட்டை மறைப்பு’ என்று எழுதுகிறேன். ‘இரட்டைக் குருடு’ என்று ஒரு படிவத்தில் பார்த்து அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. பூவில் பொட்டலத்தைப் பிரித்ததும் சாமி உத்தரவு தெரிந்துவிடும். இங்கே பொட்டலத்தில் உத்தரவு கிடையாது. கடைசியில் எல்லாரையும் கூட்டிக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்.

“அப்ப எனக்கு மருந்தில்லாத மாத்திரை வந்துட்டா?” நியாயமான பயம். பலனுள்ள சிகிச்சை ஒன்று வழக்கத்தில் இருக்கும்போது, புற்றுநோயாளிக்கு அதைக் கொடுக்காமல் வெற்று மாத்திரையை மட்டும் கொடுப்பது பொதுவாக நடப்பதில்லை. இந்த ஆய்வில் வழக்கமான மருந்து இரு பக்கமும் உண்டு. அதோடு ஒரு பக்கம் புதுமருந்து, இன்னொரு பக்கம் அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. படிவத்தின் நடுவில் எங்கோ இதை எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது.

இனி குழப்பம் தந்த இரண்டாவது சொல், மெட்டாஸ்டாசிஸ். புற்று தோன்றிய இடத்திலிருந்து வேறு உறுப்புக்குப் பரவுவது. சின்னம்மா ஊருக்குள் ஒறம்பரைகளிடம் “இப்ப லங்க் கேன்சரும் வந்துருச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது அப்படியல்ல. மார்பிலிருந்து நுரையீரலுக்குப் போன புற்று, நுரையீரல் புற்று ஆகிவிடாது. அது மார்பகப் புற்றுதான். கோபி நாற்றங்காலில் பிடுங்கிய பொன்னி நாற்றைச் சத்தியமங்கலத்து வயலில் நட்டால் வேறு நெல்லா விளையும்? எங்கே நட்டாலும் பொன்னி பொன்னிதான். செல்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பழைய குணம் தெரியும். மருந்தும் பெரும்பாலும் அந்தக் குணத்தைப் பார்த்துத்தான். ‘நுரையீரலுக்குப் பரவிய புற்று’ என்ற ஒரே தலைப்பின் கீழ் எலும்பு, குடல், சிறுநீரகம், விரை என்று எத்தனையோ வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கான ஆய்வு இன்னொன்றுக்கு உதவும் என்று சொல்ல முடியாது.

மெட்டாஸ்டாசிஸ் கிரேக்கத்தில் ‘நிலை மாறுதல்’. பேச்சுக்கலையில் ஒரு விஷயத்திலிருந்து சட்டென்று இன்னொன்றுக்குத் தாவுவதற்கும் இதே பெயர்தான். புற்றுப் பரவலுக்கு இதை 1829-இல் பயன்படுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே. நேராக மொழிபெயர்த்தால் ‘இடம்பெயர்தல்’ என்று வரும், ஆனால் அது தப்பான படம். இடம்பெயர்ந்தவர் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவார். புற்று பழைய வீட்டையும் விடாமல் புது வீட்டையும் பிடிக்கலாம். நம் ‘பரவல்’ கிரேக்கத்தைவிடச் சரி. கேன்சர் என்றால் அவர்களுக்கு நண்டு, நமக்குப் புற்று. வெளியே மண்மேடாகத் தெரிந்துகொண்டே உள்ளுக்குள் வழி வெட்டிக்கொண்டு போகும் கறையான் புத்து. இதிலும் நம் ஆட்கள் கண் கூர்மை என்றே படுகிறது. ‘பரவு புற்று’ என்று இரண்டையும் சேர்த்தால் கச்சிதம்.

பரவினால் ஏன் நுரையீரலுக்கு? உடம்பு முழுக்கச் சுற்றி வரும் ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து, அங்கிருந்து நேராக நுரையீரலுக்குத்தான் போகிறது. முடியைவிட மெல்லிய குழாய்களில் அது வடிகட்டப்படுகிறது. அலைந்து வரும் செல் அங்கே சிக்க வாய்ப்பு அதிகம். குடலிலிருந்து வருவது மட்டும் முதலில் கல்லீரலைத் தொட்டுப் போகும். ஆனால் வழி மட்டுமே காரணமில்லை என்று 1889-இலேயே சொன்னவர் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். மார்பகப் புற்றில் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எல்லாப் பக்கமும் பறந்தாலும் பிடித்த மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். விதையும் மண்ணும். மழையை நம்பிய கொறங்காட்டில் எது முளைக்கும், வாய்க்கால் பாசனத்தில் எது முளைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முறத்தின் அருமை தெரிய ஒரு கதை சொல்கிறேன். குடல்புற்று நுரையீரலுக்குப் பரவி இரண்டு மூன்று கட்டிகள் மட்டும் இருந்தால் வெட்டி எடுத்துவிடுவது உலகெங்கும் பல காலமாக வழக்கம். எடுத்தால் நல்லது என்று எல்லாரும் நம்பினார்கள், குலுக்கிப் போட்டு யாரும் பார்க்கவில்லை. பிரிட்டனை மையமாகக் கொண்டு ‘புல்மிக்’ என்ற ஆய்வு அதைச் செய்து பார்த்தது. போதிய ஆட்கள் சேராமல் 93 பேரோடு நின்றுபோனது. ஆனால் அந்த 93 பேரிலேயே, அறுவை செய்யாமல் விடப்பட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட வெகுகாலம் வாழ்ந்தார்கள். இரு பக்கமும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. ஆள் எண்ணிக்கை சிறிது, இதை வைத்து அறுவையே வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘வெட்டினால் பிழைப்பார்’ என்ற உறுதி ஆட்டம் கண்டது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பெருந்துறையில் இன்று அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தை வயசானவர்கள் இன்னமும் சானடோரியம் என்றுதான் சொல்வார்கள். காசநோய் என்றால் வீட்டைவிட்டு அங்கே போய் மாதக்கணக்கில் கிடக்க வேண்டிய காலம் அது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தது. எல்லாருக்கும் ஒரே மருந்துகள்தான்; பாதிப்பேர் சென்னைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக, பாதிப்பேர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. 1959-இல் முடிவு வெளிவந்தது: குணமாவதில் இருவருக்கும் பெரிய வேறுபாடில்லை. மாத்திரை கிடைத்தால் வீடே போதும். உலகமே காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறைக்கு மாறியதில் இந்தத் தமிழ்நாட்டு ஆய்வுக்குப் பெரிய பங்கு. அதில் சேர்ந்தவர்கள் யாரும் எலிகள் அல்ல.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நம் நாட்டில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2007 முதல் ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது, இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். படிவத்தில் பதிவு எண் இல்லாவிட்டால் கேளுங்கள்.

சின்னம்மா யோசித்து, மகனிடமும் பேசி, கையெழுத்துப் போட்டார். பத்து நாள் கழித்து ஒரு தாள் வந்தது. ‘தாங்கள் இந்தப் பரிசோதனைக்குத் தகுதி பெறவில்லை.’ முன்பு அவர் சாப்பிட்ட ஒரு மருந்து இந்த ஆய்வின் விதிக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

“எனக்குத் தகுதியில்லையாமா கண்ணு” என்றார். முகம் வாடியிருந்தது. நோய் வந்தபோதுகூட அப்படி வாடி நான் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘எலிஜிபிள்’. அதன் லத்தீன் வேருக்கும் பொறுக்கி எடுப்பது என்றுதான் அர்த்தம், அங்கேயும் முறம்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். சின்னம்மா கையமர்த்தினார்.

“தறியில பொடி அச்சுல தடி நூல் ஓடாது. அதுக்காவ நூலுக்குத் தகுதியில்லைம்பமா? சேராதும்போம். அப்படி எழுதச் சொல்லு.”

‘சேராது’ என்று எழுதினால் மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று படித்துவிடுவார்கள். அதனால் ‘இந்த ஆய்வு உங்களுக்குப் பொருந்தவில்லை’ என்று நான்கு வரி எழுதி, தாளின் பின்பக்கமே ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது ஆய்வு ஒருங்கிணைப்பாளரான அந்தப் பெண் அதை மொபைலில் படம் பிடித்துக்கொண்டாராம். சின்னம்மாவுக்கு வழக்கமான மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள். காலையில் ஒன்று, சோறு தின்ற பிறகு.