வேப் ரூல்ஸ் எழுதுறீங்களா, ஆம்புலன்ஸ் நம்பர் 995க்கு யாரு போன் பண்ணுவான்னு முதல்ல யோசிங்க

போன மாசம் இங்க சிங்கப்பூர்ல ஒரு காலேஜ்ல வேப், அதான் மின் சிகரெட், சம்பந்தமா ரூல்ஸ் எழுதணும், நீங்களும் வாங்க சார்னு கூப்பிட்டாங்க. போய் உக்காந்தா முதல் ஒரு மணி நேரம் முழுக்க தண்டனை பேச்சுதான், முதல் தடவை மாட்டுனா என்ன, ரெண்டாவது தடவைன்னா என்ன, ஹாஸ்டல்ல இருக்கிறவன காலி பண்ண சொல்லலாமா, இப்படியே ஓடுது. நான் ஒண்ணுதான் கேட்டேன். டாய்லெட்ல ஒருத்தன் மயங்கி விழுந்துட்டான், கூட நிக்கிறவன் பையிலயும் ஒரு வேப் இருக்கு, அவன் யாருக்கு போன் பண்ணுவான்? ரூம்ல சத்தமே இல்ல.

சும்மா கேக்கல. பாலிடெக்னிக், ஐடிஇ (தொழிற்கல்விக் கழகம்) பிள்ளைங்களுக்கு கவுன்சலிங் பண்றதுதான் என் வேலை. அப்படி வந்த ஒரு பையன் (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலத மாத்தியிருக்கேன்) ஒரு சாயங்காலம் அடுக்குமாடி புளோக் படிக்கட்டுல உக்காந்து கூட்டாளி குடுத்த வேப் பாட் (வேப்ல மாட்டுற திரவக் குப்பி) ஒண்ண இழுத்திருக்கான், கொஞ்ச நேரத்துல கை நடுங்குது, நிக்க முடியல, பேர சொல்லி கூப்பிட்டா கண்ணு மட்டும் லேசா தொறக்குது. கூட இருந்த ரெண்டு பேரும் மூஞ்சில தண்ணி தெளிச்சு, ஓடிப்போய் மைலோ வாங்கி வாயில ஊத்தி, அரை மணி நேரம் காவலுக்கு நின்னிருக்கானுங்க. நினைவு சரியா இல்லாதவன் வாயில எத ஊத்துனாலும் அது நுரையீரலுக்குள்ள போய் ஆபத்தாயிரலாம்னு அவனுங்களுக்கு எப்படி தெரியும்? ஆம்புலன்ஸ் ஏண்டா கூப்பிடலன்னு பிறகு கேட்டேன். "கூப்பிட்டா எங்க மூணு பேரையும் தூக்கிருவாங்கல்ல சார்." அவ்ளோதான் பதில்.

அவன் இழுத்தது கேபாட், அதாவது எடோமிடேட் கலந்த வேப். எடோமிடேட் ஆஸ்பத்திரி மருந்து, ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர் உடம்பு எடைய பாத்து அளந்து ஊசில ஏத்துறது, ஒரு நிமிஷத்துக்குள்ள ஆள் தூங்கிருவாங்க, பக்கத்துலயே மூச்ச கவனிக்க ஆளும் மெஷினும் இருக்கும். படிக்கட்டுல யாரு இருக்கா? பாட்ல எவ்ளோ இருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. உடம்பு நெருக்கடிய சமாளிக்க அட்ரினல் சுரப்பி சுரக்கிற கார்ட்டிசால் ஹார்மோனையும் எடோமிடேட் அமுக்கிரும்.

சிங்கப்பூர்ல வேப் வெச்சிருந்தாலே குத்தம், 2018 பிப்ரவரிலேர்ந்தே அப்படித்தான். இன்னமும் சில அம்மாமாருங்க "சிகரெட் இல்லியே சார், மாம்பழ வாசனைதானே வருது"ன்னு எங்கிட்ட சொல்றாங்க, எனக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. 2025 செப்டம்பர் 1ல எடோமிடேட்ட போதைப்பொருள் சட்டத்துல கிளாஸ் சி பட்டியல்லயே போட்டாங்க, அப்ப அறிவிச்ச அபராதம் முதல் தடவைக்கு 18 வயசுக்கு கீழன்னா 500 வெள்ளி, 18ம் அதுக்கு மேலயும்னா 700 வெள்ளி. எடோமிடேட் வேப்ப வெளிநாட்டுலேர்ந்து கடத்திட்டு வந்தா 3லேர்ந்து 20 வருஷம் ஜெயில், கூடவே பிரம்படின்னும் அப்ப அறிவிச்சாங்க. இவ்ளோ கடுமையா சட்டம் இருக்கும்போது காலேஜ் அதே தண்டனைய இன்னொரு தாள்ல காப்பி அடிச்சு ஒட்டுறதால யாருக்கு என்ன லாபம்னுதான் எனக்கு புரியல.

காலேஜ் ரூல்ல வேண்டியது வேற. மாட்டுனவனையும் தானா வந்தவனையும் ஒரே கோட்டுல நிறுத்தக்கூடாது. தானா முன்வந்து உதவி கேக்கறவங்களுக்கு தண்டனை இல்லன்னு அரசாங்கமே சொல்லியிருக்கு, ஆனா என்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல பாதி பேருக்கு அது தெரியல, ஏன்னா காலேஜ் நோட்டீஸ்ல சிவப்பு எழுத்துல இருக்கிறது அபராதம் மட்டும்தான். அப்புறம், பிடிச்ச சாமான் யார் கையில இருக்கும், சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு யாரு சொல்லுவா, வீட்டுக்கு யாரு போன் போடுவா, இத பேரு போட்டு எழுதணும், இல்லன்னா ஏதோ ஒரு லெக்சரர் டிராயர்ல நாலு வேப் தூங்கிட்டு இருக்கும், அத நான் பாத்திருக்கேன். ஸ்டாஃபுக்கும் அதே ரூல்தான்னும் போடுங்க, பிள்ளைங்க முதல்ல பாக்குறதே அதத்தான்.

நிக்கோட்டின் வேப்ல மாட்டிக்கிட்டவன் கதை கொஞ்சம் வேற. ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல நிக்கோட்டின் பாதியாயிரும், மூணு மணி நேர லேப்ல கடைசி ஒரு மணி நேரம் கால் ஆடிக்கிட்டே இருக்கும், வெளிய ஓடுவான். அவன சஸ்பெண்ட் பண்ணி வீட்டுல உக்கார வெச்சா நாள் முழுக்க இழுப்பான், வேற என்ன பண்ணுவான்? சஸ்பென்ஷன் வேணாம்னு சொல்லல, அந்த நாள்ல கவுன்சலிங்கையும் சேர்த்து கட்டாயமாக்குங்கன்னுதான் சொல்றேன். விடணும்னு நினைக்கிறவங்க சுகாதார மேம்பாட்டு வாரியத்தோட குவிட்லைன் 1800 438 2000க்கு போன் பண்ணலாம்.

யாராவது விழுந்துட்டா 995. ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில எதுவும் ஊத்தாதீங்க, என்ன இழுத்தான்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க, அந்த வேப் பாட்டையும் கையோட குடுத்துருங்க. "கூட்டாளிக்காக உதவி கூப்பிட்டவன் மேல காலேஜ் நடவடிக்கை எடுக்காது"ன்னு ஒரு வரி போடணும்னு அன்னிக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன், ஒருவழியா ஒத்துக்கிட்டாங்க. நேத்து டிராஃப்ட் வந்துச்சு, அந்த வரி 14ஆம் பக்கத்துல அடிக்குறிப்பா கெடக்கு. முதல் பக்கத்துக்கு கொண்டு வாங்கன்னு திருப்பி அனுப்பியிருக்கேன்.