ஒரே பெயர், இரண்டு கோப்புகள்: ஆப்லெட் டெம்ப்ளேட் வேலை செய்யும் விதம்

ஜாவா என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்குபவர் எழுதும் முதல் நிரலில் மெயின் என்றொரு மெத்தட் (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பு) இருக்கும். ஓட்டம் அங்கேதான் தொடங்கும். ஆப்லெட்டில் அது தேவையில்லை. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவோடு அறிமுகப்படுத்திய இந்தக் குட்டி நிரல்கள் பிரவுசருக்குள் ஓடியவை. பக்கம் திறந்ததும் பிரவுசர் முதலில் இனிட் மெத்தடை அழைக்கும், அப்புறம் ஸ்டார்ட். பக்கத்தை விட்டு நகர்ந்தால் ஸ்டாப், கடைசியில் டெஸ்ட்ராய்.

அதனால் ஜாவா கோப்பு மட்டும் போதாது. அதன் கிளாஸ் (ஜாவா நிரலின் அடிப்படை அலகு) பெயரையும் அகல உயரத்தையும் சொல்லும் எச்.டி.எம்.எல் பக்கமும் வேண்டும். இரண்டிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பேக்கேஜ் (கிளாஸ்களைத் தொகுக்கும் பிரிவு) இருந்தால் அதுவும் சேர்த்து. ஒரு பெரிய எழுத்து சிறியதாகிவிட்டால் போதும், ஆப்லெட் ஏறாது. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் இதைக் காட்டிக்கொடுக்காது, எச்.டி.எம்.எல் பக்கத்தை அது பார்ப்பதே இல்லையே! புதிதாகப் படிப்பவர் தன் ஜாவா நிரலிலேயே பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

இதைத் தீர்க்கத்தான் டெம்ப்ளேட், அதாவது புதிய கோப்புக்கான முன்வார்ப்பு. ஜாவா நிரல் எழுத உதவும் நெட்பீன்ஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் 6.0 பதிப்பிலிருந்து கோப்பு டெம்ப்ளேட்டுகளை ஃப்ரீமார்க்கர் என்ற எஞ்சின் நிரப்புகிறது. கிளாஸ் பெயர் வரவேண்டிய இடத்தில் டாலர் குறியும் நெளிவு அடைப்புமாக ஒரு வெற்றிடம் விட்டுவைக்கிறோம். புதிய கோப்பு உருவாக்கும்போது விவரம் கேட்கும் விஸார்டில் பயனர் தட்டும் பெயர் அங்கே போய் உட்காரும். ஜாவா கோப்பு, எச்.டி.எம்.எல் பக்கம் இரண்டும் அந்த ஒரே பதிலிலிருந்து பிறந்தால் பெயர் பிசக வழியே இல்லை.

முழு புராஜெக்ட்டையே டெம்ப்ளேட்டாகத் தருவது இன்னும் சுலபம். நன்றாக ஓடும் ஒரு புராஜெக்ட்டை ஜிப் செய்து ஒரு மாட்யூலுக்குள் (நெட்பீன்ஸில் சேர்க்கும் கூடுதல் பகுதி) வைத்து, அதன் லேயர் என்ற பதிவுக் கோப்பில் பதிவு செய்தால், புதிய புராஜெக்ட் பட்டியலில் அது வந்துவிடும். தேர்ந்தெடுத்ததும் ஜிப் விரிந்து, புராஜெக்ட்டின் பெயர் மட்டும் மாறும். உள்ளே இருக்கும் கிளாஸ் பெயர் பழையபடியே நிற்கும். அதையும் மாற்ற வேண்டுமானால் விஸார்ட் நிரலில் நாமே கை வைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனாலும் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பயனர் பெயரை ஒரு கோப்பில் மட்டும் மாற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பார்.

2015-இல் குரோம் ஆப்லெட்டை ஓட்டத் தேவையான பிளக்இன் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) வசதியைக் கைவிட்டது. 2018-இல் வந்த ஜாவா 11-இல் அந்த பிளக்இன்னே இல்லை. சரி, பெயர் பிசகும் சிக்கல் அதோடு தீர்ந்ததா? இல்லை. ஜாவாவில் திரைகள் அமைக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸில் திரை வடிவமைப்பைத் தனியாக வைத்தால் அது எஃப்.எக்ஸ்.எம்.எல் கோப்பில் இருக்கிறது. அதை இயக்கும் கன்ட்ரோலர் கிளாஸின் பெயரையும் வழக்கமாக அதே கோப்பில்தான் எழுதுகிறார்கள்.